பொம்மை லிஃப்ட்

சால்ட் லேக்,
12.5.2005

நமஸ்காரம்.

போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அப்படியே இருக்கும், மறுநாள் எடுத்துப் படிக்கலாம். அதனால்தான் ஒரே ஊரில் இருந்துகொண்டு தபால்தலை ஒட்டுகிறேன். கேட்டால் நாலு பேர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். போன வாரம் சிரித்ததைவிடவா?

பேத்திக்கு அன்னப்பிராசனம். உங்கள் மாமா சௌந்தரராஜன், எண்பதைத் தாண்டியவர், லேக் மார்க்கெட்டிலிருந்து டாக்சி பிடித்து வந்து, லிஃப்டில் ஏறி ஒன்பதாவது மாடியில் இறங்கிக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டார். குழந்தையின் சொந்தத் தாத்தா கீழே கேட்டில் காவலுக்கு இருக்கும் தர்வானின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நம் பிள்ளை மது பட்டுப்பாவாடை கட்டிய குழந்தையைக் கீழே தூக்கிக்கொண்டு போய், வந்த பார்சலைப் பிரித்துக் காட்டுவதுபோல் உங்களுக்குக் காட்டிவிட்டு மேலே கொண்டுவந்தான். ஏன் அப்பா வரவில்லை என்று எல்லாரும் கேட்டார்கள். நீங்கள் சொல்லிக்கொடுத்ததை அவன் ஒப்பித்தான்: "பிள்ளை ஆத்துல கை நனைக்கிறதில்லைன்னு அப்பாவுக்கு ஒரு கொள்கை." மாட்டுப்பெண் கீதாஞ்சலியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவளுடைய அம்மா அப்பா அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள்.

அது கொள்கை இல்லை, லிஃப்ட் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். தர்வானுக்கும் தெரியும், அவன் என்னிடம் கேட்டான்.

பிரசவத்துக்கு ஒத்தாசை என்று வந்தவள் நான். இந்நேரம் டாக்குரியாவில் நம் வீட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும். வரப்போவதில்லை. நீங்கள் மேலே வந்து, மாட்டுப்பெண் எதிரில் என்னை அழைத்துக்கொண்டு போக வேண்டும். அதுவரை இங்கேதான்.

இத்துடன் பேப்பரில் வந்த ஒரு துண்டை வைத்திருக்கிறேன். கரியாஹாட்டில் ஒரு வைத்தியசாலை. கண்ணில் ஏதோ கருவியை மாட்டி, கம்ப்யூட்டரிலேயே லிஃப்ட், விமானம், பாலம் எல்லாம் காட்டிப் பயத்தைப் போக்குகிறார்களாம். மதுவின் ஆபீஸில் ஒருவர் அதற்குப் பிறகுதான் விமானத்தில் ஏறினாராம்.

ஜெயலக்ஷ்மி

•

டாக்குரியா,
21.5.2005

ஜெயலக்ஷ்மிக்கு,

ஆசீர்வாதம் பண்ண வேண்டிய முறைக்குப் பண்ணுகிறேன்.

முப்பத்தைந்து வருஷம் பாங்கில் ஆபீசராக இருந்தவனுக்குப் பயம் என்று எழுதியிருக்கிறாய். பயந்தவனா நக்ஸலைட் காலத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளைக்குக் கிளை போனவன்? லிஃப்ட் என்பது இந்த ஊரில் நம்பத்தகுந்த வஸ்து அல்ல, அவ்வளவுதான் நான் சொல்வது. எழுபத்துநாலில் டல்ஹௌசியில் ஒரு ஆபீஸ் கட்டிடத்தில் லோட்ஷெடிங் ஆகி, இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட்மேனோடு நான் மாட்டிக்கொண்டு நின்றது உனக்குத் தெரியும். அந்த லிஃப்ட்மேன் பீடி பிடித்தான். அதற்கப்புறம் படிக்கட்டை விரும்புகிறேன். விருப்பத்துக்குப் பெயர் வியாதியா? இப்போது முட்டி ஒத்துழைப்பதில்லை, இல்லாவிட்டால் ஒன்பது மாடியும் நடந்தே வந்திருப்பேன்.

அந்தப் பேப்பர் துண்டைப் படித்தேன். குழந்தைகளுக்கு வீடியோ கேம், வயசானவர்களுக்கு இதுவாக்கும். இல்லாத லிஃப்டில், இல்லாத மாடிக்கு, இருக்கிற காசைக் கொடுத்துப் போவது. இதற்கு ஒரு டாக்டர், ஒரு போர்டு. இந்தச் சால்ட் லேக் பையன்களுக்கு எதையும் கம்ப்யூட்டரில் போட்டால் தீர்ந்தது என்று ஒரு எண்ணம்.

சமையலுக்கு வரும் மாஷி ரசத்தில் சர்க்கரை போடுகிறாள். ஞாபகத்தில் வைத்துக்கொள்.

பட்டாபிராமன்

•

சால்ட் லேக்,
2.6.2005

நமஸ்காரம்.

ரசத்தை ஞாபகத்தில் வைத்துக்கொண்டேன். நீங்கள் மறந்ததை நான் ஞாபகப்படுத்துகிறேன்.

மது பிறந்தபோது நர்சிங் ஹோமில் எனக்கு நாலாவது மாடியில் அறை. அந்தப் படிக்கட்டை ஆபரேஷன் தியேட்டர்காரர்கள் அடைத்து வைத்திருந்தார்கள், லிஃப்ட்தான் வழி. நான் வீட்டுக்கு வரும்வரை நீங்கள் பிள்ளையைப் பார்க்கவில்லை. ஆபீஸில் ஆடிட் என்றீர்கள். என் அப்பா ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கிடந்தபோது வாசல்வரை என்னைக் கொண்டுவந்து விட்டீர்கள். பிரமோஷன் கொடுத்துப் பெரிய கட்டிடத்துக்கு மாற்றினார்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பதவி ஆசை இல்லாதவர் என்று பேர் வாங்கினீர்கள். உங்களுக்குப் பிரிவுபசாரம் செய்தபோது அந்த மேனேஜர் அதைச் சொல்லிக் கண் கலங்கினார். நான் பஜ்ஜியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு கொள்கை வைத்திருக்கிறீர்கள். இவ்வளவு கொள்கைகளுக்குப் பதிலாக நாலு நாள் அந்தக் கருவியை மாட்டிக்கொள்ளலாம்.

நான் இங்கே சௌகரியமாக இருக்கிறேன். பால்கனியில் காற்று பிய்த்துக்கொண்டு போகிறது.

ஜெ.

•

டாக்குரியா,
9.7.2005

ஜெயலக்ஷ்மிக்கு,

அந்த வைத்தியசாலைக்குப் போய்விட்டு வந்தேன். வைத்தியத்துக்கு அல்ல. இது என்ன மோசடி என்று நேரில் பார்த்துவிட்டு அலிப்பூர் கோர்ட்டில் ஒரு கேஸ் போடலாமா என்று யோசனை.

முதல் விஷயம், அது இருப்பது மூன்றாவது மாடியில். லிஃப்டுக்குப் பயந்தவர்களுக்கான இடத்தை மூன்றாவது மாடியில் வைக்கிற புத்திசாலிகள். மாடி வளைவில் இரண்டு பேர் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், ஒருவர் வக்கீல் கோட்டோடு. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

டாக்டர் என்று ஒரு சின்னப் பெண், பிரியங்கா சேன். மனோதத்துவம் படித்தவளாம், மருந்து எழுத மாட்டாளாம். பெங்காலியில் சித்தப்பா என்கிற மாதிரி என்னை மேஷோமொஷாய் என்கிறாள். மோட்டார் சைக்கிள்காரன் ஹெல்மெட்டைப்போல் ஒன்றைத் தலையில் மாட்டினாள். எருமைக் கனம். பின்னாலிருந்து மாட்டுக்குக் கயிறுபோல் ஒயர் கம்ப்யூட்டருக்குப் போகிறது. ஒரு மரப்பலகையில் ஏற்றிக் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். உள்ளே பார்த்தால் ஏதோ அமெரிக்கா ஹோட்டல். கண்ணாடி லிஃப்ட், நடுவில் செடிகொடி, ஆள் நடமாட்டமே இல்லை. தலையைத் திருப்பினால் படமும் திரும்புகிறது, கொஞ்சம் பின்தங்கி, உன் தம்பியைப்போல. செடியெல்லாம் கட்டம் கட்டமாக இருக்கிறது. சர்க்கஸ் கூடாரத்தில் இதைவிட நன்றாக வரைந்திருப்பான்.

லிஃப்ட் ஒரு மாடி ஏறும். நின்றுவிட்டு, "கொதோ, மேஷோமொஷாய்?" என்பாள். பயம் எவ்வளவு, பூஜ்யத்திலிருந்து நூறுக்குள் சொல்ல வேண்டுமாம். பயத்துக்கு மார்க். பத்து என்றேன். சரி என்று அடுத்த மாடிக்கு ஏற்றினாள். ஐந்து என்றேன். கைப்பிடியில் என் கை ஏன் ஆடுகிறது என்றாள். ஏசி அதிகம் என்றேன், குறைத்தாள். அவ்வளவுதான் அவள் சாமர்த்தியம். இவளைப்போல எத்தனை பாங்க் இன்ஸ்பெக்டர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பொழுது போகாததால் இன்னும் சில தடவை போய்ப் பார்க்கிறேன்.

பட்டாபிராமன்

•

சால்ட் லேக்,
18.7.2005

நமஸ்காரம்.

பொழுது போக்கத் தலையில் எருமையை மாட்டிக்கொள்கிறவரை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

கடிதத்தைக் கீதாஞ்சலிக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்குத் தமிழ் எழுத்து வராது, கேட்டால் புரியும். அவள் சிரிக்கவில்லை. "பாவம் அப்பா, கை நடுங்கியிருக்கு இல்லையா" என்றாள். உங்கள் கொள்கையால் சுருங்கிய முகம்தான் அது. மனுஷி எப்படி இருக்க வேண்டும் என்று இந்தப் பெண்ணைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். எனக்கு அவ்வளவு பெரிய மனசு கிடையாது, நான் சிரித்தேன்.

பத்து, ஐந்து என்று நீங்கள் சொன்னதை அந்தப் பெண் நம்பியது அவள் வயசுக் கோளாறு.

ஜெ.

•

டாக்குரியா,
16.8.2005

ஜெயலக்ஷ்மிக்கு,

தெரிவிப்பது என்னவென்றால், நான் முடித்துவிட்டேன். கண்ணாடி லிஃப்ட், மூடிய லிஃப்ட், நடுவில் விளக்கு அணைந்து நிற்கும் லிஃப்ட், எல்லாவற்றிலும் பூஜ்யம். இவ்வளவு வேகமாக யாரும் முன்னேறியதில்லை என்று அந்தப் பெண் சொன்னாள். ஏதோ மாநாட்டில் என்னைப் பற்றிப் பேசப்போகிறாளாம், பேரைச் சொல்லாமல். நிஜ லிஃப்டிலும் ஒருதரம் கூடவே வருகிறேன் என்றாள். தேவையில்லை என்றுவிட்டேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன். பெட்டியைக் கட்டி வை. அந்த மாமா சௌந்தரராஜனையும் வரச்சொல். அவருக்கு நான் காட்ட வேண்டியது இருக்கிறது.

பட்டாபிராமன்

•

சால்ட் லேக்,
23.8.2005

நமஸ்காரம்.

நீங்கள் எழுத மாட்டீர்கள் என்பதால் நடந்ததை நானே எழுதுகிறேன்.

பெட்டியைக் கட்டி வைத்தேன். அடை வார்த்தேன். மாமா வந்து சோபாவில் காத்திருந்தார். மது கீழே போய் உங்களை லிஃப்டில் ஏற்றினான். கதவு மூடினதும் நீங்கள் கண்ணில் பட்ட பொத்தானையெல்லாம் அமுக்கியிருக்கிறீர்கள். முதல் மாடியில் கதவு திறந்ததும் அவனைத் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்து படியில் உட்கார்ந்துவிட்டீர்கள். சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டியிருக்கும் என்றான். அப்போதும் வாய் சும்மா இருந்ததா? லிஃப்டில் எலி செத்த வாடை என்று கட்டிடத்துச் செக்ரட்டரியைக் கூப்பிட்டுப் புகார். பாவம் அந்த மனிதர் லிஃப்டை நிறுத்தி ஃபினாயில் போட்டுக் கழுவினார். மாமா அதுவரை ஒன்பதாவது மாடியில் மாட்டிக்கொண்டார். அடையை அவர்தான் சாப்பிட்டார்.

மறுநாள் பிரியங்காவுக்கு நான் போன் செய்தேன். அந்தப் பெண் தன் வைத்தியம்தான் தப்போ என்று கலங்கிப் போயிருந்தாள். அவர் சொன்ன எண்களைப் படி என்றேன். பத்து, ஐந்து, பூஜ்யம், பூஜ்யம் என்று படித்தாள். நான் அவளுக்கு மார்ச் மாதத்தைப் பற்றிச் சொன்னேன். மார்ச் முடிவில் பாங்கில் எப்படி எல்லாம் நன்றாக இருப்பதாகக் கணக்கில் காட்டுவார்கள், மேலிடத்திலிருந்து வருகிறவனிடம் எந்த ஆபீசரும் நிஜ எண்ணைச் சொல்ல மாட்டான், அப்படிச் சொன்னவன் பிழைத்ததில்லை என்று நீங்கள் எத்தனை தடவை பெருமையடித்துக்கொண்டிருக்கிறீர்கள். அவள் எண்களை இன்னொரு தரம் படித்தாள். "மாஷிமா, பயம் முழுசாக வர வேண்டும், வந்த இடத்திலேயே நிற்க வேண்டும், அப்போதுதான் அது இறங்கும். அந்த எண்ணை வைத்துத்தான் நான் ஏற்றுகிறேன், இறக்குகிறேன்" என்றாள்.

உங்களை யாரும் இன்ஸ்பெக்ஷன் செய்யவில்லை. வைத்தியத்துக்குப் போன இடத்தில் வியாதியை மறைத்துவிட்டுக் குணமாகிவிட்டது என்று வந்து நிற்கிற ஆளை என்னவென்று சொல்வது. எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை, கிடைக்கும்போது எழுதுகிறேன்.

பெட்டியைப் பிரித்துப் புடவைகளை அலமாரியில் வைத்துவிட்டேன்.

ஜெ.

•

டாக்குரியா,
28.9.2005

ஜெயலக்ஷ்மிக்கு,

யாரைக் கேட்டுக்கொண்டு நீ அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தாய்? பாங்க் விஷயத்தை வெளியில் பேசுவது உனக்கு அழகா? இதை எழுத ஒரு மாதம் எடுத்துக்கொண்டேன், கோபம் ஆறட்டும் என்று. ஆறவில்லை.

மறுபடியும் போனேன். முட்டிக்கு நீ அனுப்பிய தைலம் தேய்த்துக்கொண்டு மூன்று மாடி ஏறினேன். அந்தப் பெண் மறுபடியும் பலகையில் ஏற்றினாள். ஹெல்மெட்டை மாட்டினாள். இந்தத் தடவை ஹோட்டல் இல்லை. சாதாரண லிஃப்ட், தரையிலேயே நிற்கிறது. கதவு மட்டும் மூடும், திறக்கும். அவ்வளவுதான் காட்சி. மூடினாள். கொதோ என்றாள். தொண்ணூறு என்றேன். ஒரு சின்னப் பெண் எதிரில், பொம்மைப் படத்துக்குத் தொண்ணூறு. அவள் சிரிக்கவில்லை, திறக்கவும் இல்லை. கதவைத் திற, கதவைத் திற என்று நான் தமிழில் கத்தியிருக்கிறேன். அவளுக்குப் புரியவில்லையா, புரியாததுபோல் இருந்தாளா தெரியாது. "இருங்கள், அது தானே இறங்கும், நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம்" என்றாள். நின்றேன். ஓட இடமும் இல்லை, ஒயரில் கட்டிப்போட்டிருக்கிறாளே. தொண்ணூறு எழுபதாயிற்று. எழுபது நாற்பதாயிற்று. நான் எதுவும் செய்யாமலே குறைந்தது. ஜெயலக்ஷ்மி, அது எப்படி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பிறகு பல நாள் அதே கதவு. பிறகு ஒரு மாடி. பிறகு அந்தக் கட்டிடத்து நிஜ லிஃப்டிலேயே அவளோடு, அப்புறம் நான் தனியாக. போன வியாழக்கிழமை லிஃப்ட் நடுவில் நின்றேவிட்டது, நிஜமாகவே கரண்ட் போய். வியர்த்தது. நின்றேன். கரண்ட் வந்தது, இறங்கினேன்.

இப்போது மாடி வளைவில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களே, அந்த ஆட்களைப் பார்த்தால் இளக்காரமாக இருக்கிறது. வக்கீல் கோட்டு இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. ஒரு மனுஷனுக்கு இவ்வளவு பயமா?

துர்கா பூஜை ஆரம்பிக்கும் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். யாரையும் கூப்பிட வேண்டாம். மதுவும் கீழே வர வேண்டாம்.

பட்டாபிராமன்

•

சால்ட் லேக்,
14.10.2005

நமஸ்காரம்.

கோடு வளைந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், ஒரு கண்ணால்தான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலிங் பெல் அடித்தபோது கீதாஞ்சலி ஓடிப்போய்த் திறந்தாள். நீங்கள் தனியாக நின்றுகொண்டிருந்தீர்கள், வேட்டி கசங்காமல். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்தது. இந்த ஒரு வருஷமாக உங்களைப் பற்றிச் சொன்னதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. சமையலறையிலிருந்து நான் வருவதற்குள் நீங்கள் சோபாவில் உட்கார்ந்தாயிற்று.

லிஃப்டைப் பற்றிப் பேசினீர்கள். முதல் டம்ளர் காபி முடியும்வரை பேசினீர்கள், இரண்டாவது டம்ளர் வந்தது, அதற்கும் பேசினீர்கள். எத்தனையாவது மாடியில் வியர்த்தது, எத்தனையாவதில் நின்றது. கீதாஞ்சலி குழந்தையைக் கொண்டுவந்து உங்கள் பக்கத்தில் விட்டாள். குழந்தை உங்கள் செருப்பை எடுத்து வாயில் வைக்கப் போனாள். "இதைப் பிடி" என்று குழந்தையைக் கீதாஞ்சலிக்குக் காட்டிவிட்டுக் காலால் செருப்பை நகர்த்தினீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். எனக்குக் கண் ஆபரேஷன் ஆகி நாலு நாள். மது உங்களுக்குப் போனில் முன்னாலேயே சொன்னான், ஆனபிறகும் சொன்னான். "ஆத்துக்குள்ள என்னத்துக்குக் கறுப்புக் கண்ணாடி, சினிமாக்காரி மாதிரி? சரி, கிளம்பு. பூஜைக்கு மாஷி ஊருக்குப் போயிட்டா, பாத்திரமெல்லாம் அப்படியே கிடக்கு."

கீதாஞ்சலி எதிரில்தான் சொன்னீர்கள். நான் கேட்டபடிதான்.

கொஞ்சம் தலைவலி, அப்புறம் வருகிறேன் என்றேன். நீங்கள் கோபித்துக்கொண்டு போய்விட்டீர்கள், லிஃப்டில். மேலிருந்து பார்த்தேன், கேட்டைத் தாண்டும்போது தர்வானுக்கு நீங்கள் கை காட்டினீர்கள். அவ்வளவு சந்தோஷமாக உங்களை நான் பார்த்ததே இல்லை.

அப்புறம் வரப்போவதில்லை. தலைவலி என்று சொன்னது அந்த நேரத்துக்கு. அழைத்தால் வருகிறேன் என்று எழுதியவள் நான்தான், அதை இப்போது மாற்றிக்கொள்கிறேன்.

உங்களுக்கு இது புரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன், திட்டுவதற்காக அல்ல. மது பிறந்தபோது நீங்கள் வராததற்கு எல்லாரிடமும் நான் ஆடிட் என்றுதான் சொன்னேன். எனக்கு நானே சொல்லிக்கொண்டது வேறு. பாவம், லிஃப்டுக்குப் பயம், வெளியில் சொல்ல வெட்கம், மற்றபடி ஓடி வந்திருப்பார். என் அப்பா போனபோதும் அதையே சொல்லிக்கொண்டேன். உங்களை நான் இவ்வளவு கேலி செய்ததும் அந்தத் தைரியத்தில்தான். லிஃப்ட் ஒன்றுதான் நடுவில் நிற்கிறது, அதை எடுத்துவிட்டால் அந்தப் பக்கம் மனுஷன் இருக்கிறார் என்று இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறேன். பேப்பர் துண்டை வெட்டி அனுப்பியதும் அதற்குத்தான்.

பிரியங்கா கெட்டிக்காரி. எடுத்துவிட்டாள். நீங்களும் பொய் எண்ணை விட்டு நிஜத்தைச் சொல்லி, கஷ்டப்பட்டுத்தான் வந்திருக்கிறீர்கள், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வந்து சேர்ந்தவரைப் பார்த்துவிட்டேன். இனிமேல் எனக்கு நானே சொல்லிக்கொள்ள ஒரு காரணமும் மிச்சமில்லை. பயத்தோடு கீழே உட்கார்ந்திருந்தவரோடு நான் இன்னும் முப்பது வருஷம்கூட இருந்திருப்பேன்.

என் மற்றப் புடவைகளை மது வந்து எடுத்துக்கொள்வான். வாசல் அறை அலமாரி, மேல்தட்டு.

குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பாருங்கள். வரும்போது மேலே வந்துவிடுங்கள், அவளைக் கீழே கொண்டுவரச் சொல்ல வேண்டாம். காபி தருகிறேன். குடித்துவிட்டு நீங்கள் கிளம்பலாம்.

ஜெயலக்ஷ்மி